பகுதி நான்கு சமூக அறிவியல் பாட மதிப்பீட்டை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்: கௌரவ விரிவுரையாளர், வேலூர் மாவட்டம் (பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்: உயர்கல்வித் துறை உயர் அலுவலர் அவர்கள், வேலூர்.

பொருள்: பட்டப்படிப்பின் பகுதி நான்கில் வரும் சமூக அறிவியல் பொதுப்பாடத்தில் மாணவர் கற்றதை எழுத்து வழி மதிப்பிட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: ஏற்கெனவே அளித்த மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வகுப்பு எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளை, பேரணாம்பட்டில் வீட்டில் உருது பேசும் பிள்ளை, காட்பாடிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை, எல்லாரும் ஒரே பெஞ்சு. ‘பன்முகத்தன்மையைப் புரிந்து மதிப்பர்’ என்று பாடத்திட்டத்தில் கற்றல் விளைவு, அதாவது படித்து முடித்த மாணவர் அடைய வேண்டியது, எழுதியிருக்கிறோம். அதை அளக்கும் லட்சணம் பற்றித்தான் இம்மனு.

1. தேர்வு முழுக்கக் கொள்குறி வினா. ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

2. அரசமைப்பின் 17ஆவது பிரிவு எதை ஒழிக்கிறது? சென்ற பருவத்தில் ஒருவர் விடாமல் ‘தீண்டாமை’ என்று சரியாகக் குறித்தார்கள். அதே வகுப்பில் மலையிலிருந்து வரும் மாணவியின் தண்ணீர் பாட்டிலை யாரும் வாங்குவதில்லை. மற்ற பாட்டில்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். அவள் நீட்டினால் மட்டும் எவருக்கும் தாகமில்லை. எக்செல் தாளில் இந்த விளைவுக்கு நிலை 3, அதாவது முழு வெற்றி! 60 சதவீதம் பேர் இலக்கு மதிப்பெண்ணைத் தொட்டால் போதும் என்பது எங்கள் கல்லூரிக் கணக்கு. அப்புறம் மாணவர் கருத்துப் படிவம். அதை வகுப்புத் தலைவனே எல்லாருக்கும் சேர்த்து ‘மிக நன்று’ என்று தட்டிவிடுகிறான். சாமை விற்கப் போகும் தன் தாயிடம் தரகர் எடையில் எவ்வளவு பிடிக்கிறார் என்று அந்த மலை மாணவி களப்பணி அறிக்கை எழுதினாள். சணல் கட்டு அவிழாமல் துறை அலமாரியில் கிடக்கிறது. அதற்கு மதிப்பெண் கிடையாது, படிக்கவும் ஆளில்லை.

3. நாங்கள் கேட்கும் மாற்று இது: முதல் பருவத்தில் ஒரு சமூகச் சிக்கலைக் கொடுத்து எழுதச் சொல்வோம். கடைசிப் பருவத்தில் அதுபோல இன்னொன்று. பெயரை மறைத்து, வேறு கல்லூரி ஆசிரியர் இருவர் ஒரே அளவுகோலில் திருத்தட்டும். முதல் தலைமுறைப் பட்டதாரி, மலைப் பிள்ளை, தமிழ் வழி என்று பிரித்துப் பார்த்தால்தான் யார் எங்கே பின்தங்கிவிட்டார்கள் என்று தெரியும். சராசரி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

4. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய அவையான நாக் (NAAC) மதிப்பீட்டில் 2.6 என்ற பிரிவே கற்றல் விளைவுக்குத்தான். குழு வருகிறது என்றால் ராத்திரியோடு ராத்திரியாக அட்டவணை கேட்கிறீர்கள், கொடுக்கிறோம். எங்கள் மனுவுக்கு ஒரு வரி பதில் போடக் கூடாதா ஐயா? படிவம் நிரப்பத்தான் எங்களை வைத்திருக்கிறீர்களா?

வரும் பருவத்தில் ஒரே ஒரு துறையிலாவது சோதனை முறையில் எழுத்து மதிப்பீட்டுக்கு அனுமதி தருமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன். களப்பணி அறிக்கைக்கும் மதிப்பெண் வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கௌரவ விரிவுரையாளர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள்