உடைந்த பானைக்கு வந்த 16 லட்சம் பேர்

மானாமதுரை
ஆவணி 14

மாப்ளே,

சித்திரையில் நீ அனுப்பிய செய்திக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அண்ணனுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. ட்ரில் மாஸ்டரைச் சந்தையில் பார்த்தேன், முதலில் உன்னைத்தான் விசாரித்தார். அந்தச் சைக்கிளை மனுஷன் இன்னும் மறக்கவில்லை.

பாப்பா போடும் சமையல் வீடியோவை இருநூறு பேருக்கு மேல் பார்ப்பதில்லை, உங்கள் பானை வீடியோ மட்டும் எப்படி முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். அப்போதே எழுத உட்கார்ந்தேன். அதற்குள் வீட்டில் ஒரு காரியம் நடந்துவிட்டது.

வைகாசியில் சூளை பிரித்த அன்று, மதினி பெரிய தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சூடு முழுக்க ஆறவில்லை. பிடித்திருந்த சாக்கு நழுவி, பானை வாசற்படியில் விழுந்து சிதறியது. மதினி தலையில் கைவைத்து அப்படியே நின்றுவிட்டார். அவர் மகன், நம்ம தம்பி, போனில் எடுத்துக்கொண்டிருந்தான். யாரோ சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்து யூடியூபில் 11 வினாடி ஷார்ட்ஸாக, அதாவது குட்டி வீடியோவாகப் போட்டுவிட்டான். நான்கு நாளில் 16 லட்சம் பார்வை, மாப்ளே! இரண்டு வருஷமாக நாங்கள் போட்ட எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் பாதி வராது.

முதல் நாள் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பால் வாங்கப் போன இடத்தில் ஒரு பையன் மதினியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக் காட்டியிருக்கிறான். மதினி வீட்டுக்கு வந்து, “பெத்த பிள்ளையே என்னை ஊருக்குச் சிரிக்கக் காட்டிட்டான்” என்று சொன்னதோடு சரி. அதற்கப்புறம் போன் எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார்.

தம்பியையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது அவன் பத்தாவது. அடுத்த மாதம் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூபின் ஷார்ட்ஸ் என்று இரண்டும் இங்கே வந்தன. இதிலேயே வளர்ந்த பிள்ளை. அவன் கணக்கு இப்படி: 1,000 சந்தாதாரர்கள் எப்போதோ சேர்ந்தாச்சு. 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை வந்தால் விளம்பரப் பணத்தில் பங்கு கிடைக்கும். “இன்னும் ஆறு பானை உடைஞ்சாப் போதும் சித்தப்பா. விரிசல் விட்டதைத்தானே உடைக்கப் போறோம்?” என்றான். அண்ணன் சக்கரத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “தானா உடைஞ்சதுக்கு நான் அழுததில்லடா. நானே போட்டு உடைக்கக் கை வராது” என்றார். அவ்வளவுதான். பிறகு அன்றைக்கு முழுதும் யாரும் யாரோடும் பேசவில்லை.

நான் அன்று ராத்திரி அந்த எண்களை எடுத்துவைத்துப் பார்த்தேன். பாப்பாவிடம் இதை அவசியம் சொல். 2025 மார்ச் 31க்குப் பிறகு யூடியூபில் ஒரு ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை. பார்த்தவர் அடுத்த நொடியே தள்ளிவிட்டாலும் எண்ணிக்கை ஏறும். திரும்ப ஓடினால் இன்னொன்று. ஆனால் பணத்துக்கும் அந்த 1 கோடிக்கும் எடுத்துக்கொள்வது நின்று பார்த்தவர்களை மட்டும்தான், அந்தக் கணக்கு சானலுக்கு உள்ளே தனியாக இருக்கிறது. எங்கள் 16 லட்சத்தில் அது 9 லட்சம். அந்த 9 லட்சம் பேரில் பானை என்ன விலை என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை.

இதற்கு முன்னால் போட்டிருந்த தட்டுச் சத்தம் வீடியோ உனக்கு ஞாபகம் இருக்கும். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு அடி மூடியிருக்காது. உள்ளே கல்லை அணைகொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி மண்ணை இழுத்துத்தான் மூடவேண்டும். முதலில் சத்தம் சொதசொத என்று இருக்கும், மண் இறுக இறுக ‘டொக் டொக்’ என்று மாறும். அதற்கு 42 ஆயிரம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஈரோட்டிலிருந்து ஒருவர் முப்பது பானை கேட்டார், பெங்களூரிலிருந்து ஒரு அம்மா இன்றைக்கும் மாதாமாதம் வாங்குகிறார்.

ஆரம்பத்தில் எங்களுக்கும் இருநூறுதான். “வணக்கம், நாங்கள் மானாமதுரையிலிருந்து” என்று நான் பேசித்தான் தொடங்குவோம். நூறு பேரில் எழுபது பேர் அந்த வணக்கத்திலேயே தள்ளிவிட்டுப் போனார்கள். பார்த்தவர் எத்தனை, தள்ளியவர் எத்தனை என்று ஒவ்வொரு ஷார்ட்ஸுக்கும் யூடியூப் காட்டும், பாப்பா முதலில் அதைப் பார்க்கட்டும். வணக்கத்தை எடுத்துவிட்டு, சுழலும் பானையின் அடியில் நூல் ஓடி அறுக்கிற இடத்திலிருந்து தொடங்கினோம். நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. அவளும் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டாம். கடுகு வெடிக்கிற இடத்தில் தொடங்கட்டும், பெயர் பிறகு தானாக வரும்.

இன்னொன்று, நாங்கள் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டது. திரையின் கீழ்ப்பக்கம் தலைப்பும் சானல் பெயரும் ஏறிக்கொள்ளும், வலது ஓரத்தில் லைக் பொத்தான் வரிசை. சக்கரம் தரையோடு இருப்பதால் அண்ணனின் விரல் வேலையெல்லாம் அந்த எழுத்துக்கு அடியில் போய்விட்டிருந்தது. இப்போது போனைச் சாய்த்து, கையைத் திரையின் நடுவுக்கு மேலே கொண்டுவருகிறோம். வாணலியையும் அப்படி வைக்கச் சொல். முடிகிற காட்சி தொடங்குகிற காட்சியோடு ஒட்டினால் தெரியாமலே இரண்டாவது சுற்றும் பார்த்துவிடுவார்கள். எங்களுக்குச் சக்கரம் இருக்கிறது, அவளுக்குக் கரண்டி சுழல்வது போதும்.

அப்புறம், 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிஷம் வரை ஷார்ட்ஸ் போடலாம் என்பதற்காக இழுக்க வேண்டாம். ஒரு தாளிப்புக்கு 20 வினாடி போதும். ஓரிடத்தில் போட்டதை இறக்கி, அந்த லோகோவோடு இன்ஸ்டாகிராமில் ஏற்றினால் அவர்கள் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பது குறையும், சுத்தமான பிரதியை ஏற்றவேண்டும். அங்கே ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதற்குத்தான் மதிப்பு அதிகம். புதியவர்களிடம் சேர அது முக்கியம் என்று அதன் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். ஐநூறு ரூபாய் கொடு, பத்தாயிரம் பார்வை தருகிறேன் என்று எவனாவது வருவான். பக்கத்தில் சேர்க்காதே. அது யூடியூப் விதிக்கே விரோதம், சானலே போய்விடும்.

உனக்கு மட்டும் ஒன்று. பாப்பாவுக்கு ஒருநாள் தோசை கருகும், குக்கர் பொங்கும், அது மட்டும் ஓட்டமாக ஓடும். அன்றைக்குப் பக்கத்தில் இரு. அந்த எண்ணைப் பார்க்கும்போது மனுஷனுக்கு ஒன்றும் தெரிவதில்லை மாப்ளே. நானே நான்கு நாள் காலையில் பல் தேய்க்குமுன் போனைத்தான் எடுத்தேன். மதினி முகம் வாடியது நான்காம் நாள்தான் கண்ணில் பட்டது.

அந்த வீடியோவைத் தம்பியே ஆனியில் எடுத்துவிட்டான். யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் வந்து, “எடுத்துட்டேன்மா” என்றான். மதினி ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டார்.

கார்த்திகைக்கு அகல் போட ஆரம்பித்துவிட்டோம். போன வாரம் மதினி சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து, ஈர அகலுக்கு விரலால் மூக்கு வைத்துக்கொண்டிருந்தார். பெருவிரலை ஒரு அழுத்து, சுட்டுவிரலால் ஒரு இழுப்பு, திரி வைக்கிற இடம் வந்துவிடும். தம்பி தூரத்திலேயே நின்றான். அவரே நிமிர்ந்து பார்த்து, “மூஞ்சி வேண்டாம், கை மட்டும் எடு” என்றார். 18 வினாடி. இதுவரை ஆறாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். மதினி தினமும் எத்தனை என்று கேட்கிறார்.

வர்ற மாதம் பரீட்சை லீவில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கென்று மதினி ஒரு குழம்புச் சட்டியை வடிகஞ்சி ஊற்றிப் பழக்கி வைத்திருக்கிறார். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
மாப்ளே