உங்கள் கூட்டத்தில் ஆயக்கட்டுக்காரர் எங்கே?

மதுரை, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் கண்மாய்களையும் ஊருணிகளையும் காக்கச் சிறு அமைப்புகளை நடத்திவரும் அண்ணன்மார், அக்காமார், தோழர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

யார் பெயரையும் சொல்லி எழுதவில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் "நம்மை இல்லை" என்று தாண்டிப் போய்விடுவார்கள். நான் வைகைக்கு வடக்கே ஒரு சங்கிலிக் கண்மாயின் ஆயக்கட்டில், அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், கொஞ்சம் நஞ்சை வைத்திருப்பவன். உங்களில் சிலரோடு சேர்ந்து சீமைக்கருவேலத் தூர் பிடுங்கியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நீங்கள் செய்த நல்லதைச் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் நாக்கு அழுகிவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, கிராம வரைபடத்தையும் நிலத்தின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டையும் வாங்கி, "இது வெறும் புறம்போக்கு இல்லை ஐயா, நீர்நிலை, இதோ பாருங்கள்" என்று தாசில்தார் மேசையில் விரித்தது நீங்கள்தான். உங்களுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. அதனால்தான் ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் நிற்கிறது. இதை அந்த வளாகத்துக்குள் போகும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

இனி குறைக்கு வருகிறேன்.

கண்மாயைக் கிண்ணமாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். பொக்லைன் இறங்கி, நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டி, எடுத்த மண்ணை நடுவில் குவித்துத் தீவாக்கி, அதில் மரக்கன்று நட்டு, கரைமேல் நடைபாதைக் கல் பதித்தால் டிரோன் படத்துக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்மாய்க்கு நாலு பக்கம் கரை கிடையாது. கரையோரம் ஆழம்; தண்ணீர் பரவி நிற்கும் உள்வாய்க்குள் போகப் போக மேடு. தண்ணீர் இடுப்புக்கு, முழங்காலுக்கு, கணுக்காலுக்கு என்று குறைந்து, கடைசியில் புல்லோடு கலந்துவிடும். அந்தக் கணுக்கால் தண்ணீரில்தான் உள்ளானும் நாரையும் இரை தேடும். தண்ணீர் வற்ற வற்ற ஆடு மாடு பின்னாலேயே மேய்ந்துகொண்டு போகும். செங்குத்தாக வெட்டிய இடத்தில் பறவைக்கும் கால் வைக்க இடமில்லை, கன்றுக்குட்டி இறங்கினால் ஏறவும் வழியில்லை.

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் வயலுக்குத் தானாகப் பாயும். அதற்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் கிணறு ஊறும், மாடு குடிக்கும், நெல்லுக்கு ஆகாது. அளவுக்கு மீறி ஆழம் போனால் அடியில் காலங்காலமாகப் படிந்த களிமண் அடுக்கு கிழிந்து, தண்ணீர் நிற்காமலே போகவும் கூடும். கரையை ஒட்டித் தோண்டுவது அதைவிட ஆபத்து. ஐப்பசி மழையில் கரை சரிந்தால் முதலில் மூழ்குவது எங்கள் நாற்று. நடுவில் எழுப்பிய தீவோ, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் நிற்பது, அவ்வளவுதான்.

மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கை உயர்த்துவது இன்னொரு வம்பு. நம் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனியாகக் கிடப்பவை அல்ல. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் கீழ் கண்மாய்க்குத் தண்ணீர். நீங்கள் இங்கே அரையடி உயர்த்தினால், அங்கே இன்னொரு ஊர் சித்திரை வரை உங்களைத் திட்டிக்கொண்டிருக்கும். மேலே, உள்வாயை ஒட்டிய பட்டாக்காரர் நிலத்திலும் தண்ணீர் ஏறும். எந்த மட்டத்தில் எவ்வளவு நேரம் தண்ணீர் நின்றால் யாருக்கு வலிக்கும் என்பது ஊரில் சிலருக்கு மனப்பாடம். உங்கள் திட்ட அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வேலையைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறீர்கள். புரிகிறது. முள்ளடைத்த வாய்க்காலில் மைல்கணக்கில் நடக்க வேண்டும், பாதி வழியில் யாருடைய வேலியோ குறுக்கே நிற்கும், சண்டை வரும், திறப்பு விழாவும் வைக்க முடியாது. ஆனால் வரத்துக்கால் இல்லாத கண்மாய்க்கு எத்தனை லட்சம் போட்டாலும் அது தன் தலைமேல் விழும் மழையை மட்டுமே நம்பியிருக்க வேண்டும்.

பணத்தின் போக்கும் இதில் சேர்த்தி. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி மார்ச்சில் கணக்கு முடிக்கும். நம் கண்மாய்களோ வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, நல்ல வருஷமானால் மாசி வரை தண்ணீர் வைத்திருப்பவை. மண் எடுக்கத் தோதான காலம் சித்திரை, வைகாசி, ஆனி. அதனால் "மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும்" என்று வரும் பணம் ஒன்று தண்ணீரை இறைத்துவிட்டு வேலை பார்க்கச் சொல்லும், இல்லையென்றால் தண்ணீர் சம்பந்தப்படாத நடைபாதையையும் பெயர்ப்பலகையையும் கேட்கும். அந்தப் பணத்துக்கு "வைகாசியில் வாருங்கள்" என்று சொல்லும் தைரியம் தலைமைக்கு வேண்டும்.

இவையெல்லாம் அறியாமையால் நடப்பதாக நான் நினைக்கவில்லை. உங்களில் பலர் நன்கு படித்தவர்கள், கேட்டால் கற்றுக்கொள்பவர்கள். ஆனால் முடிவெடுக்கும் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கட்டடப் பொறியாளர் ஒருவர், ஆடிட்டர் ஒருவர், பள்ளித் தாளாளர் ஒருவர், நிதி கொடுத்த கம்பெனியின் அதிகாரி ஒருவர். மடை திறந்து நீர் பாய்ச்சிய ஆள் இல்லை. கண்மாய் மீனுக்கு மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் இல்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு தினமும் உள்வாய்க்குள் போய்வரும் அம்மா இல்லை. அவர்களைத் திறப்பு விழாவில் முன்வரிசையில் உட்காரவைத்துத் துண்டு போடுகிறீர்கள். அது கடைசி நாள். முதல் நாள் அவர்களைக் கூப்பிட்டிருந்தால் தீவு வந்திருக்காது.

பதிவு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். உங்களில் பெரும்பாலோர் அறக்கட்டளையாகப் பதிந்திருக்கிறீர்கள், அது சுலபம். நிறுவனர் வாழ்நாள் அறங்காவலர், அவருடைய துணைவியார் இன்னொருவர், மைத்துனர் மூன்றாமவர். சங்கமாகப் பதிந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. தொல்லைதான். அந்தத் தொல்லை வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

மேடையில் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத கண்மாய் ஆர்வலரை நான் பார்த்ததில்லை. குடவோலை, ஏரி வாரியம், பராந்தக சோழன் காலம் என்று கைதட்டல் வாங்குவீர்கள். 919, 921-ஆம் ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகளை முழுதும் படித்துப் பாருங்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரவே முடியாது. அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும் கூடாது. இந்த விதியைப் போட்டால் இன்றைய அமைப்புகளில் எத்தனை தேறும்? அந்தச் சபையைப் பொற்காலமாக்கவும் நான் தயாரில்லை. அது பிராமணர் சபை; நிலமும் மனையும் உள்ள ஆண்களுக்கு மட்டும். நம் கண்மாய்களில் உயிரைப் பணயம் வைத்து மடை திறந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு எந்தக் குடத்திலும் ஓலை விழவில்லை. நீங்கள் அமைக்கும் குழுவிலாவது விழட்டும்.

இதை வெறும் நியாயப் பிரச்சினையாக எண்ணிவிடாதீர்கள். உங்கள் உயிரும் இதில் இருக்கிறது. 2025 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். கல்குவாரி முறைகேடுகளைப் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, திருமயம் அருகே லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அதே மாதம் மேலூர்ப் பக்கத்து டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஒன்றிய அரசு ரத்து செய்தது. அங்கே எதிராக நின்றது தனி ஆளில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை விவசாயிகள் திரண்டு நடந்தார்கள். பெண்களும் வியாபாரிகளும் கூட வந்தார்கள். அந்தப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இலேயே தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆகியிருந்தது. அந்த அறிவிப்பு மட்டும் ஏலத்தைத் தடுக்கவில்லை. ஊர் தடுத்தது. ஜகபர் அலி தனியாக நின்றதற்கு அவரைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி கிடையாது. அவரைத் தனியாக விட்டது நாமெல்லாம்தான். ஆனால் எல்லா மனுவிலும் ஒரே கையெழுத்து, எல்லாப் பேட்டியிலும் ஒரே முகம் என்று ஒரு அமைப்பு இருந்தால், அந்த ஒருவரை மிரட்டினாலே வேலை நின்றுவிடும் என்று எதிராளி கணக்குப் போடுவான். நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு அந்தக் கணக்கு எடுபடாது.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். "ஊர்க்காரர்களை உட்காரவைத்தால் சாதி வரும், கட்சி வரும், உள்ளாட்சித் தேர்தல் வரும், ஒரு முடிவும் எடுக்க முடியாது." வரும். கடைமடைக்காரனும் தலைமடைக்காரனும் முதல் கூட்டத்திலேயே முட்டிக்கொள்வார்கள். கண்மாய்க்குள் தைலமரம் வைத்திருப்பவர் எழுந்து போய்விடுவார். ஆனால் அந்தச் சண்டை இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, உங்கள் முதுகுக்குப் பின்னால். நீங்கள் போட்ட ஷட்டர் ராத்திரியோடு ராத்திரியாக உடைவது அதனால்தான். மதுரையிலிருந்து இயங்கும் தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து வயலகம் என்ற பெயரில் ஆயக்கட்டு விவசாயிகளைச் சங்கமாக்கி, அவர்கள் கைப்பணத்தையும் உழைப்பையும் போடவைத்து வேலை செய்துவருகிறது. மெதுவான வேலை, மினுக்கும் குறைவு. முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்த வேலை தொடங்குவதற்கு முன் ஒரு கூட்டம் போடுங்கள். மதுரையில் ஓட்டல் அரங்கில் வேண்டாம், ஊர்ச் சாவடியில் போடுங்கள். பகலில் ஆட்கள் வயலிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள், இரவு ஏழு மணிக்கு மேல் வையுங்கள். முந்தின நாளே தமுக்கடிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் பையன்கள் மட்டும்தான் வருவார்கள். கீழ் கண்மாய் ஊரிலிருந்து இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் குழுவில் எத்தனை இடம் என்பதை முதல் பொருளாகப் பேசுங்கள். போன வருஷக் கணக்கைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்து சத்தமாக வாசியுங்கள், பொக்லைன் வாடகை மணிக்கு எவ்வளவு என்பது வரைக்கும். பிறகு வரைபடத்தை விரித்து, எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று கேளுங்கள். வரத்துக்கால் நடையை ஆனிக்குள் முடித்துவிட்டால் ஆவணிக்குள் முள்ளை எடுத்துவிடலாம். நடக்கும் அன்றைக்கு எங்கள் ஊர் எல்லையிலிருந்து நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஆயக்கட்டுக்காரன் ஒருவன்