சென்னை அணியின் புதிய வீரர்களுக்கு ஒரு கணக்குக் காலமாவது கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து விக்கெட் கீப்பர் சஞ்சு சாம்சனைப் பெற்ற செய்தியும், பின்னர் 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில் அந்த அணி எடுத்த வீரர்களின் பட்டியலும் தங்கள் நாளிதழில் வெளிவந்த நாள் முதல், கண்டனூரிலிருந்து புதுவயல் வரையுள்ள டீக்கடைகளில் வேறு பேச்சில்லை. அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலை ஐந்தரை மணிக்கு டீ குடிக்க நிற்கும்போதே தொடங்குகிற விவாதம், இரவு கடை அடைக்கும்வரை ஓய்வதில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், 2008 முதல் சென்னை அணியின் ஆட்டங்களை விடாமல் பார்த்து வருகிறவன் என்ற முறையிலும், இந்த விவாதம் போகிற போக்கைப் பற்றி என் மனத்தில் உள்ளதை எழுதுகிறேன்.

ஜடேஜாவைக் கொடுத்தது சரியா என்பதில் எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 2023 மே மாதம் அகமதாபாத் இறுதி ஆட்டத்தில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் வேண்டியிருந்தபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பையை வாங்கித் தந்தவரை எப்படி அனுப்பலாம் என்று கேட்கிறவர்களின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அதே ஆண்டில், தோனி களமிறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஜடேஜா அவுட்டாக வேண்டுமென்று கத்தியவர்களும் நம் ரசிகர்கள்தாம். அதை ஜடேஜாவே மேடையில் சொல்ல நேர்ந்தது. இன்று அவருக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். என் தனிப்பட்ட கருத்து, அந்தப் பரிமாற்றம் தேவையானது என்பதே. தோனிக்கு 44 வயதாகிவிட்டது. அவருக்குப் பின் விக்கெட் கீப்பர் யார் என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளாக விடை தேடாமல் இருந்த அணி, இப்போதாவது தேடியிருக்கிறது. ஜடேஜாவும் அயலூருக்குப் போகவில்லை. 2008-இல் முதல் கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணியில்தான் அவருடைய ஐ.பி.எல். வாழ்க்கை தொடங்கியது.

எனக்குக் கவலை தருவது அந்தப் பரிமாற்றத்தைவிட, அடுத்து வந்த ஏலத்தில் எடுக்கப்பட்ட இரண்டு இளைஞர்களைப் பற்றிய பேச்சுதான். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பிரசாந்த் வீருக்கு வயது 20. ராஜஸ்தானைச் சேர்ந்த கார்த்திக் சர்மாவுக்கு 19. இந்திய அணிக்கு இன்னும் ஆடாத இந்த இருவரையும் தலா 14.20 கோடி ரூபாய்க்கு சென்னை அணி எடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட வீரர்களுக்கு ஐ.பி.எல். ஏலத்தில் இதுவரை கிடைத்த தொகைகளில் இதுவே அதிகம். இவர்கள் இன்னும் மஞ்சள் சட்டை போட்டு ஒரு பந்துகூட ஆடவில்லை. அதற்குள் "பதினாலு கோடிக்கு இது தேறுமா" என்ற கேள்வி ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்துவிட்டது. முதல் மூன்று ஆட்டங்களில் இவர்கள் சரியாக ஆடாவிட்டால் என்னென்ன பேசப்படும் என்பதைச் சென்ற சீசனைப் பார்த்த எவரும் ஊகிக்கலாம்.

ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. இருவரும் தங்களுக்கு வைத்துக்கொண்ட அடிப்படை விலை 30 லட்சம்தான். 43.40 கோடி ரூபாயைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு போன சென்னை அணி விடாமல் கேட்டது. எதிர் மேசைகளில் இருந்தவர்களும் கையை இறக்கவில்லை. அதனால் விலை அந்த இடத்தில் போய் நின்றது. சந்தையில் இரண்டு வியாபாரிகள் போட்டி போட்டு ஒரு கன்றுக்குட்டியின் விலையை ஏற்றினால், அந்த விலைக்கு ஏற்றபடி அது நாளைக்கே பால் கறக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஏலக்கூடத்திலேயே இல்லாத ஒரு பையன் கேட்காத விலையை, அவன் தலையில் கடனாக எழுதி வைப்பது எந்த ஊர் நியாயம்?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் வட்டிக்கடை வைத்து நடத்திய காலத்தில், அவற்றுக்கு ஊரிலிருந்து ஆள் அனுப்புவார்கள். சிறுவனாகப் போகிறவன் பெட்டியடிப் பையன். கை பழகினால் அடுத்தாள், அதாவது உதவியாள். அதற்குப் பிறகுதான் கடைப் பொறுப்பு. போகிற ஆளுக்கு மூன்று ஆண்டு தவணை. அதை ஒரு கணக்கு என்பார்கள். என் தாத்தா ரங்கூனில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்து இரண்டு கணக்குப் பார்த்தவர். முதல் ஆண்டில் கொடுத்த கடன் வசூலாகவில்லை என்பதற்காக அடுத்த கப்பலில் ஆளைத் திருப்பி அழைத்துக்கொள்கிற முதலாளியைத் தாம் கண்டதில்லை என்று அவர் சொல்வார். மூன்றாம் ஆண்டு முடிவில் பேரேட்டை வைத்துக்கொண்டு ஐந்தொகை (இருப்பு, கடன் கணக்கு) போட்டுப் பார்த்த பிறகே, இந்த ஆள் தேறுவானா மாட்டானா என்று முடிவெடுப்பார்களாம். அணிகள் ஏறக்குறைய முழுவதையும் புதிதாகக் கட்டுகிற ஐ.பி.எல். பெரிய ஏலமும் 2022-இல் நடந்தது. அதற்கு அடுத்தது மூன்று சீசன்கள் கழித்து, 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்தது. ஒரு கணக்குக் காலம் அங்கேயும் இருக்கிறது. ரசிகர்களாகிய நமக்குத்தான் மூன்று ஆட்டம்கூடப் பொறுக்க முடியவில்லை.

பொறுத்திருந்ததன் பலனைச் சென்னை ரசிகர்கள் கண்ணாலேயே கண்டிருக்கிறார்கள். 2020-இல் ருதுராஜ் கெய்க்வாட் தம் முதல் மூன்று இன்னிங்ஸ்களில் எடுத்த ரன்கள் 0, 5, 0. இளைஞர்கள் சிலரிடம் 'ஸ்பார்க்' தெரியவில்லை என்ற பொருளில் தோனி சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ரசிகர்கள் அந்தப் பையனைக் கேலி செய்தார்கள். அதன்பின் கடைசி மூன்று ஆட்டங்களிலும் அவர் அரைசதம் அடித்தார். மறு ஆண்டு 635 ரன் குவித்து அந்தத் தொடரிலேயே அதிக ரன் எடுத்தவரானார். அணி நான்காவது கோப்பையை வென்றது. அந்த இரண்டாவது பூஜ்யத்தோடு அவரை உட்கார வைத்திருந்தால், நமக்கு ஒரு தொடக்க ஆட்டக்காரரும் கிடைத்திருக்க மாட்டார், பிற்காலத்துக்கு ஒரு கேப்டனும் கிடைத்திருக்க மாட்டார்.

2025 சீசனில் அந்தப் பொறுமை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 14 ஆட்டங்களில் 4 வெற்றியோடு அணி முதன்முறையாகக் கடைசி இடத்துக்கு இறங்கியது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் வெல்லாத பெங்களூரு அணி அங்கேயே வந்து வென்றுவிட்டுப் போனது. ரசிகர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். திரிபாதியும் ஹூடாவும் வாய்ப்புக் கிடைத்தும் ஆடவில்லை; அவர்களை விடுவித்ததில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விஜய் சங்கருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 5 அன்று சேப்பாக்கத்தில், டெல்லிக்கு எதிராக 184 ரன் இலக்கைத் துரத்தும்போது தொடக்கத்திலேயே விக்கெட்டுகள் சரிந்தன. ஒரு முனையில் நின்றுகொண்டு அவர் 54 பந்துகளில் 69 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் இருந்தார். அது மெதுவான ஆட்டம். அணி 25 ரன்னில் தோற்றது. அதை நான் மறுக்கவில்லை. எங்கள் கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் அன்று கேட்ட வசவுகளை இங்கே எழுத என் கை வரவில்லை. அவருடைய ஆட்டத்தில் தொடங்கி அவருடைய வீட்டாரில் போய் முடிந்தது அந்தப் பேச்சு.

அஷ்வினுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட் எடுத்த தமிழர், பத்தாண்டுகள் கழித்து 9.75 கோடிக்குத் தாய்வீடு திரும்பினார். 9 ஆட்டங்களில் 7 விக்கெட்தான் கிடைத்தது. ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்தே விடைபெற்றுக்கொண்டார். வரும்போது மாலை போட்ட அதே வாய்கள், போகும்போது ஒரு நல்ல சொல் சொல்லவில்லை.

இவ்வளவு பெரிய வீரர்களுக்கு இதெல்லாம் உறைக்காது, கோடி வாங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு எங்கே போய் விழுகிறது என்பதைச் சென்ற மே மாதம் நான் நேரில் பார்த்தேன். கோடை விடுமுறையில் எங்கள் பக்கத்துக் கண்மாய் வற்றிய இடத்தில் டென்னிஸ் பந்துப் போட்டி நடந்தது. கடைசி ஓவரில் 9 ரன் கொடுக்காமல் இருந்தால் எங்கள் ஊர் ஜெயிக்கும். பத்தாம் வகுப்பு எழுதிவிட்டிருந்த ஒரு பையன் பந்து வீசினான். முதல் இரண்டு பந்தும் வைடு. கரையில் உட்கார்ந்திருந்தவர்கள், அவனுடைய அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமுள்ளவர்கள், "இவனை எந்த ஏலத்துலடா எடுத்தீங்க" என்று கத்தினார்கள். அவன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான், ஓடிவரத் தொடங்கிப் பாதியில் நின்றான். பந்து கையிலிருந்து நழுவிச் செம்மண்ணில் உருண்டது. அதையும் யாரோ வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்கள். இரண்டு மாதம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருக்கான் சார்" என்றார் அவனுடைய அம்மா. கரையிலிருந்து வந்த அந்தக் கேள்வி, தொலைக்காட்சிக்கு முன்னால் சீசன் முழுதும் பேசிப் பழகிய பேச்சு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ரசிகர்களை மட்டும் குறை சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அணியும் தன் வீட்டு வாசலில் நின்றவர்களைச் சரியாகப் பார்க்கவில்லை. 2022 நவம்பரில் சென்னை அணி தமிழ்நாட்டு வீரர் ஜெகதீசனை விடுவித்தது; அதே மாதம் அவர் விஜய் ஹசாரே என்ற உள்நாட்டு ஒருநாள் தொடரில் தொடர்ந்து ஐந்து சதங்கள் அடித்தார், அவற்றில் ஒன்று 141 பந்துகளில் 277. சாய் கிஷோர் 2020, 2021 ஆகிய இரண்டு சீசன்களில் சென்னை அணியில் இருந்தும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. குஜராத் அணிக்குப் போய்த்தான் ஆடினார். சென்னைப் பையன் சாய் சுதர்சனும் அதே குஜராத் அணிக்காக ஆடி 2025-இல் 759 ரன்களோடு முதலிடம் பிடித்தார். சாய் கிஷோரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் மறந்துபோன ஒன்று உண்டு. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது காரைக்குடி காளை என்று நம் பெயரில் ஓர் அணி இருந்தது. காரைக்குடியில் அது ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை என்றாலும், பெயர் நம்முடையது. அந்த அணிதான் பின்னர் திருப்பூர் தமிழன்ஸ் ஆயிற்று. 2025 ஜூலையில் அது திண்டுக்கல் அணியை 118 ரன் வித்தியாசத்தில் வென்று கோப்பையைத் தூக்கியபோது, கேப்டனாக நின்றவர் சாய் கிஷோர். சென்னை அணியைப் பற்றி நாள் முழுதும் பேசுகிற எங்கள் டீக்கடையில் அன்று அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்க அவர்களுக்குச் செய்தியே தெரிந்திருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் தங்களிடம் எனக்கு வேண்டுகோள் இருக்கிறது. ஒரு வீரரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய ஏலத்தொகைதான் என்னும்போது, விவாதமும் அந்தத் தொகையைச் சுற்றித்தான் நடக்கும். ரஞ்சி, விஜய் ஹசாரே, சையது முஷ்டாக் அலி தொடர்களின் ஸ்கோர் விவரங்களைத் தாங்கள் சுருக்கமாகவேனும் வெளியிட்டால், பிரசாந்த் வீர் எப்படிப் பந்து வீசுகிறார், கார்த்திக் சர்மா எந்த நிலையில் இறங்கி ஆடுகிறார் என்பது சீசன் தொடங்கும் முன்பே வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். வரும் சீசனில் இவர்கள் தோற்கிற நாளில் "14 கோடி வீரர் டக் அவுட்" என்பது போன்ற தலைப்பைத் தாங்கள் தவிர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். டக் அவுட்டானால் டக் அவுட் என்று தாராளமாக எழுதுங்கள். எந்தப் பந்தில், எந்தத் தவறால் என்று எழுதினால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் பாடமாக இருக்கும். தொகையை மட்டும் விட்டுவிடுங்கள்.

சிவகங்கை மாவட்ட அளவில் நடக்கும் பள்ளி, கிளப் ஆட்டங்களின் முடிவுகளுக்கும் வாரம் ஒருமுறை விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சிறு இடம் ஒதுக்கினால் பேருதவியாக இருக்கும். முடிவுகளைத் தொகுத்து ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் தங்கள் காரைக்குடி நிருபரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கண்டனூர், சிவகங்கை மாவட்டம்.