கோடு போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோர நகரங்களுக்கு ஆழிப்பேரலை அபாய வரைபடம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எப்படிப்பட்ட வரைபடம்? நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறேன்.

கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்று ஒரே கோடு இழுப்பது சுலபம். ஆனால் அலை அந்தக் கோட்டை மதிக்காது. கடலடிச் சரிவு, விரிகுடாவின் வடிவம், நிலத்தின் மேடு பள்ளம் என எல்லாம் சேர்ந்துதான் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்கின்றன. ஆற்று முகத்துவாரங்களை நாம் மறந்தே போகிறோம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் கிடகாமி ஆற்றில் அலை சுமார் 50 கி.மீ. உள்ளே ஏறியது. அன்று பழைய அபாய வரைபடங்களில் 'பாதுகாப்பு' என்று காட்டிய இடங்களிலும் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகே அந்த நாடு அலையை இரண்டு நிலைகளாகப் பிரித்தது. அடிக்கடி வரக்கூடியதைச் சுவர் கட்டித் தடுப்பது, மிகப் பெரியது வந்தால் மக்களை வெளியேற்றுவது.

வரைபடத்தில் நீரின் ஆழமும் அலை வந்து சேரும் நேரமும் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் ஆழம் வந்தால் மர வீடு தாங்குவது கடினம். முழங்கால் அளவு ஓடும் நீரே ஆளைச் சாய்த்துவிடும். பள்ளியும் மருத்துவமனையும் எங்கே வரலாம், நடந்தே எந்த மேட்டுக்குப் போகலாம் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். கட்டட அனுமதி கொடுப்பவர் மேசையில் அந்தத் தாள் விரித்திருக்க வேண்டும். அலமாரியில் பூட்டிய வரைபடத்துக்கு நான் சம்பளம் வாங்கிய காலம் உண்டு, அது வேறு கதை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவையர்