புத்தகத்துல இடம் கிடைக்காமப் போன நன்றிப் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம்.

புத்தகம் வந்துடுச்சு. நேத்து சாயங்காலம் சிவகாசிலேர்ந்து பார்சல் வந்து கட்டைப் பிரிச்சதும் அந்த மை வாசனை அடிச்சுச்சு பாருங்க, ரெண்டு வருஷமா அலைஞ்ச அலைச்சல் எங்க போச்சுன்னே தெரியல. 64 பக்கம், முழு கலர், மதுரை புதுமண்டபத்துல 1987-ல ஒரு தையல்காரர் செத்துக் கிடக்கிறதுல ஆரம்பிக்கிற கதை. முன்பதிவு பண்ணவங்களுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து ஒவ்வொண்ணா அனுப்ப ஆரம்பிச்சிடுவேன்.

ஆனா புத்தகத்தைப் புரட்டினா ஓவியர் பேரும் என் பேரும் மட்டும்தான் இருக்கும், நன்றின்னு ஒரு வரி கூட இருக்காது. ராத்திரி பகலா கூட நின்னவங்க அதைப் பாத்து வருத்தப்படுவீங்க, வருத்தப்படுறது நியாயம். நன்றிப் பக்கம் எழுதாம இல்ல, எழுதி, லேஅவுட் பண்ணி, அச்சகத்துக்கே போயிடுச்சு. அது ஏன் வெளிய வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நான் நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆளே அந்த சம்பவத்துலதான் இருக்கார்.

துப்பறியும் கதையைப் படமா சொல்றப்ப பக்கம் திருப்புறதுதான் எல்லாமே. நாவல்ல ஒரு வரியை அடுத்த வரிக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கலாம், காமிக்ஸ்ல முடியாது, பக்கத்தைத் திறந்ததும் கண்ணு ரெண்டு பக்கத்தையும் ஒரே வீச்சுல பாத்துடும். அதனால அதிர்ச்சி எதுவா இருந்தாலும் அது இடது பக்கத்துல, அதாவது இரட்டைப் படை எண்ல விழணும், வாசகர் கையால திருப்பினாத்தான் தெரியணும். எங்க கதை 3-ம் பக்கத்துல ஆரம்பிச்சு 62-ல முடியுது, கடைசி 2 பக்கத்துல எந்தெந்தப் படத்துல துப்பு இருந்துச்சுன்னு விளக்கம். கொலைகாரன் முகம் தெரியிறது 40-ம் பக்கம். நான் என்ன பண்ணேன்னா, கடைசி நேரத்துல விளக்கத்தை ஒரே பக்கமா சுருக்கிட்டு 3-ம் பக்கத்துல நன்றியைச் சேர்த்து அனுப்பிட்டேன். மொத்தப் பக்கம் சரியா 64, ஒரே தாள்ல சேர்த்து அச்சடிச்சு மடிக்கிற 16 பக்கம் ஒரு பாரம்னு நாலு பாரம், கணக்கு இடிக்கல. ஆனா கதை முழுக்க ஒரு பக்கம் நகர்ந்து 40 போய் 41 ஆயிடுச்சு. நான் கவனிக்கல, ஓவியரும் கவனிக்கல, புரூஃப் பாத்தவங்களும் ஸ்கிரீன்ல ஒத்தை ஒத்தைப் பக்கமா பாத்ததால அவங்களுக்கும் தெரியல.

கவனிச்சது அச்சகத்துல டம்மி, அதாவது அச்சுக்கு முன்னாடி பாக்குற மாதிரிப் புத்தகம், மடிக்கிற அண்ணாச்சி. அன்னிக்கி ராத்திரி ஒன்பதரைக்கு போன் வருது. "யம்மா, நான் கதை படிக்கிற ஆளு இல்ல, ஆனா மடிச்சுப் பாக்கையில அந்த ஆளு மூஞ்சி வலப்பக்கமே தெரியுதே, மத்த இடத்துலயும் அப்படித்தான் வருது, இதை இப்படித்தான் வச்சிருக்கீகளா?" எனக்கு கை காலெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. ஒரு மணி நேரத்துல பிளேட், அதாவது அச்சுத் தகடு, போடணும், மறுநாள் காலைல மெஷின் வேற வேலைக்குப் போயிடும். புதுசா எதையும் லேஅவுட் பண்ண நேரமே இல்ல, நன்றிப் பக்கம் இல்லாத பழைய பிடிஎஃப் இருந்துச்சு, அதையே அனுப்பிட்டோம். அவருக்கு அது அவர் வேலையே கிடையாது, மடிச்சு எண் வரிசை சரியா இருக்கான்னு பாத்தா போதும். அண்ணாச்சி, நீங்க அந்த ஒரு போன் பண்ணலைன்னா இந்தப் புத்தகம் வெறும் படக்கதையா போயிருக்கும். நீங்க மடிச்ச டம்மியைக் கேட்டு வாங்கி வச்சிருக்கேன், அது எங்க வீட்டு சாமி அலமாரிக்குப் பக்கத்துல இருக்கு.

இனி புத்தகத்துல வந்திருக்க வேண்டியதை இங்க சொல்றேன். பேரு வேண்டாம்னு சில பேர் சொல்லிட்டாங்க, சில பேரை மட்டும் சொல்லி சில பேரை விட்டா அது நல்லா இருக்காது, அதனால யார் பேரும் இல்லாமலே எழுதுறேன், யார் யாருன்னு உங்களுக்குத் தெரியும்.

ஓவியர் தம்பிக்கு. சேலத்துலேர்ந்து ராத்திரி பஸ் ஏறி வந்து, காலைல அஞ்சரைலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் கீழ சித்திரை வீதியில உக்காந்து வெறும் நிழலை மட்டும் வரைஞ்ச ஆளு அவன். புதுமண்டபம் மீனாட்சி அம்மன் கோயிலோட கிழக்கு கோபுரத்துக்கு எதிர்ல இருக்கு, அப்ப காலைல நிழல் கோயில் பக்கம் சாயும், சாயங்காலம் ஆக ஆக கோபுர நிழல் மண்டபத்தைப் பாத்து வரும். நான் ஸ்கிரிப்ட்ல "காலை வேளை" னு மட்டும்தான் எழுதியிருந்தேன். "அக்கா, எந்தப் பக்க நிழல்னு சொல்லுங்க, இல்லைன்னா வரைய மாட்டேன்" னு நின்னான். அந்தக் கேள்விலேர்ந்து கதையில ஒரு புதுத் துப்பே பொறந்துச்சு, அது என்னன்னு இங்க சொல்ல மாட்டேன். இன்னொண்ணும் சொல்லணும், புதுமண்டபத்துத் தையல் கடைகளையும் புத்தகக் கடைகளையும் இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. திருமலை நாயக்கர் கட்டின மண்டபம் இனி மண்டபமா இருக்கட்டும்ங்கிறது சரிதான், ஆனா தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடுன அந்தக் காட்சி இனி நமக்குப் படத்துலதான். பழைய கடைக்காரங்க மூணு பேரு மணிக்கணக்கா உக்காந்து எந்தத் தூண்கிட்ட யாரு கடை, எங்க துணி தொங்கும், அயர்ன் பாக்ஸுக்கு கரி எங்க போடுவாங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. டீ வாங்கிக் குடுக்கக் கூட விடல, அவங்களே வாங்கிக் குடுத்தாங்க.

எழுத்து பதிச்ச தம்பி திருநெல்வேலிக்காரர். காமிக்ஸ்ல பலூனுக்குள்ள எழுத்து போடுறவரை யாரும் நினைச்சுக்கூடப் பாக்குறதில்ல, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். நம்ம வார்த்தை நீளம். "பார்த்துக்கொண்டிருந்தேன்" னு எழுதினா பலூன்ல ஒரு வரி முழுக்க அதுவே பிடிச்சுக்கும், உடைச்சா அசிங்கமா இருக்கும், எழுத்தைச் சின்னதாக்கினா எங்க அம்மா மாதிரி ஆளுங்க படிக்க முடியாது. அவர்தான் "அக்கா, மதுரைக்காரங்க பேசுற மாதிரியே எழுதுங்க, பாத்துட்டிருந்தேன்னு வந்தா இடமும் மிச்சம், உசுரும் வரும்" னு சொன்னார், நான் முழு வசனத்தையும் திரும்ப எழுதினேன், ரெண்டு மாசம் ஆச்சு, அந்த ரெண்டு மாசம்தான் கதாபாத்திரங்களுக்கு வாயே வந்துச்சு. அப்புறம் ஃபான்ட் தொல்லை. யூனிகோட்ல அடிச்சதை லேஅவுட்ல கொண்டு போனா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும், ஒவ்வொரு பலூனா அவர் சரி பண்ணார். எழுத்து எல்லாம் கறுப்பு பிளேட்ல மட்டும்தான் இருக்கணும்னும் அவர்தான் பிடிவாதமா இருந்தார், கலர் அச்சோட நாலு மையும் கலந்த கறுப்பா இருந்தா அச்சுல ஒரு நூல் விலகினாலும் எழுத்து ரெட்டையா தெரியுமாம். புத்தகத்தை எடுத்து எந்த பலூனை வேணா பாருங்க, கூரா இருக்கும்.

ஓய்வு பெற்ற சப் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு. முதல் டிராஃப்ட்ல என் இன்ஸ்பெக்டர் "194-ல கேஸ் போடு" ன்னு சொல்வார், சந்தேக மரணத்துக்கு போலீஸ் போடுற சட்டப் பிரிவு அது, நான் பேப்பர்ல படிச்சதை வச்சு எழுதினது. ஐயா படிச்சிட்டு மெதுவா கேட்டார், "கதை 87-ல தானேம்மா நடக்குது? அப்ப 174 தான். 194 எல்லாம் 2024 ஜூலைல புதுச் சட்டம் வந்தப்புறம்." அதே மாதிரி கொலைன்னு தெரிஞ்சதும் 302, இப்பத்தான் அது 103. பிரேத விசாரணைல பஞ்சாயத்தார் எங்க உக்காருவாங்க, யாரு எழுதுவா, யாரு கையெழுத்து போடுவான்னு ஒரு பேப்பர்ல அவரே படம் போட்டுக் குடுத்தார், 14-ம் பக்கம் அப்படியே அவர் போட்ட படம்தான்.

டாக்டரம்மாவுக்கும் அதே அளவு நன்றி. செத்து ரெண்டு மணி நேரத்துல உடம்பு கட்டையா விறைச்சுக் கிடக்கிறதா நான் எழுதி, தம்பி வரைஞ்சும் முடிச்சிட்டான். அவங்கதான் விறைப்பு கண் இமை, தாடைன்னு மேல ஆரம்பிச்சு கழுத்து, கை, கால்னு கீழ எறங்கும், உடம்பு முழுக்க வர சுமாரா 12 மணி நேரம் ஆகும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல சீக்கிரம் வந்து சீக்கிரம் தளரும்னு விளக்கினாங்க. அதுக்காக ஒரு கை மட்டும் திருப்பி வரைஞ்சோம், அந்தக் கையை வச்சுத்தான் நேரத்தையே கண்டுபிடிக்கிற மாதிரி கதை மாறிச்சு.

முன்பதிவு பண்ண 250 பேருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஒரு பக்கம் கூட பாக்காம காசு அனுப்பினீங்க, அந்தக் காசுதான் ஆர்ட் பேப்பரா ஆச்சு. 1972-ல முத்து காமிக்ஸ் வந்ததுலேர்ந்து தமிழ்ல காமிக்ஸை உசுரோட வச்சிருக்கிறது வாசகர்கள்தான். எங்க அப்பா மில்லுலேர்ந்து வர்றப்ப பழைய புத்தகக் கடைல அட்டை கிழிஞ்ச முத்து காமிக்ஸ் வாங்கிட்டு வருவார், இரும்புக்கை மாயாவிக்குக் கரண்ட் பாஞ்சதும் உடம்பு மறைஞ்சு இரும்புக் கை மட்டும் காத்துல மிதக்கிற பக்கத்தை எத்தனை தடவை படிக்கச் சொன்னாலும் சலிக்காம படிப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கத்துக்கிட்டது அந்த பலூன்கள்லதான். அப்பா இப்ப இல்ல, முதல் பிரதி அவர் போட்டோ முன்னாடி இருக்கு.

இப்ப என்ன எழுதிட்டிருக்கேன்னு நிறைய பேரு கேக்குறீங்க. இந்த தடவை படம் இல்லாத துப்பறியும் நாவல், தனுஷ்கோடில நடக்குது. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல பாம்பன் தனுஷ்கோடி பாசஞ்சர், 653-ம் நம்பர் வண்டி, அலையில அடிச்சுட்டுப் போச்சுல்ல, அந்த வண்டியில செத்துட்டார்னு வீட்டுல காரியமே பண்ணி முடிச்ச ஒருத்தரைப் பல வருஷம் கழிச்சு வேற ஊர்ல ஒருத்தர் பாத்துட்டதா சொல்றார், அங்கேர்ந்து கதை. டிக்கெட் இல்லாம ஏறினவங்களுக்குக் கணக்கு கிடையாதுங்கிறதுதான் இந்தக் கதையோட முடிச்சு. புயல்ல சிதைஞ்ச பாம்பன் பாலத்தை 46 நாள்ல சரி பண்ணது நமக்குத் தெரியும், அந்த நாட்கள்ல மண்டபம்ங்கிற ஊருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல ஆளுங்க எப்படிப் போய் வந்தாங்க, கடுதாசி எப்படி வந்துச்சுங்கிற சின்னச் சின்ன விஷயம்தான் எனக்கு வேணும். ரயில்வேல இருந்த ஒரு பெரியவர் ராமேஸ்வரத்துல தன் வீட்டுத் திண்ணைல உக்கார வச்சு மூணு நாள் பேசினார், நடுவுல அவர் அழுதப்ப நான் நோட்டை மூடிட்டேன், அவர்தான் "எழுதுங்க" ன்னார். சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல இருக்கிறவங்களும் எனக்காக எடுத்துக் குடுத்த பழைய பத்திரிகை கொஞ்ச நஞ்சம் இல்ல, அங்க நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ் துப்பறியும் நாவல்களையும் பாக்கக் குடுத்தாங்க, நம்ம ஆளுங்க எப்பவோ இதுல இறங்கிட்டாங்கன்னு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நாவல் பாதி ஆயிருக்கு. அது போக ஒரு சிறுவர் பத்திரிகைக்கு மாசா மாசம் 8 பக்கத்துல ஒரு குட்டி மர்மக் கதை, அதுவும் இதே தம்பி ஓவியம்தான்.

நேர்ல பாக்குறதைப் பத்தி. ஜனவரில சென்னை புத்தகக் காட்சி, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல, ரெண்டு வார இறுதியும் சாயங்காலம் இருப்பேன், ஸ்டால் நம்பர் வந்ததும் சொல்றேன். ஓவியர் தம்பியும் ரெண்டாவது ஞாயிறு வர்றான், புத்தகத்துல கையெழுத்தோட ஒரு சின்னப் படமும் போட்டுத் தருவான், நிறைய பேரு நின்னா கை வலிக்கும், அவசரப்படுத்தாதீங்க. பிப்ரவரில வத்தலக்குண்டு பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்பு பிள்ளைங்களோட ஒரு நாள், ஒரு கதையைக் கட்டம் கட்டமா எப்படிப் பிரிக்கிறதுன்னு சேர்ந்து செஞ்சு பாக்கப் போறோம், இதுக்கு பேப்பரும் கலர் பென்சிலும் அனுப்பி வச்ச வாசகருக்கு பிள்ளைங்க சார்பா நன்றி. ஆகஸ்ட்ல ஈரோடு கண்டிப்பா உண்டு, காமிக்ஸ் வாசகர்கள் வருஷா வருஷம் கூடுற ஊர், அங்க போகாம இருக்க முடியுமா. மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழா நம்ம ஊரு, தனியா சொல்ல வேண்டியதே இல்ல, அன்னிக்கு புதுமண்டபத்துக் கடைக்கார ஐயாக்கள் மூணு பேரையும் கூட்டிட்டு வந்து அவங்க கையில முதல்ல புத்தகம் குடுக்கணும்னு ஆசை.

விட்டுப்போன நன்றிப் பக்கத்தைத் தனித் தாளா அச்சடிச்சு ஒவ்வொரு பிரதியிலயும் வச்சு அனுப்புறேன், அந்தச் செலவை அச்சகத்துக்காரங்களே ஏத்துக்கிட்டாங்க, அதுக்கும் சேர்த்து நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள், 39-ம் பக்கம் முடிச்சு திருப்புறப்ப பக்கத்துல யாராவது எட்டிப் பாத்துட்டிருந்தா அவங்க இன்னும் படிக்கலைன்னா கொஞ்சம் மறைச்சுக்கங்க.