முதலில் உள்பக்கத்தை எழுது

அன்புள்ள அம்முவுக்கு,

நீ வாழ்த்து அட்டை செய்ய ஆரம்பித்திருப்பதில் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நீ அனுப்பிய படத்தில் மடிப்பு ஓரம் வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறதே, அதைப் பார்த்து நமக்கு இது வராது என்று நினைத்துவிடாதே. இயந்திரத்தில் செய்த தாளில் நார் பெரும்பாலும் ஒரே திசையில்தான் ஓடும், அதை ஒட்டி மடித்தால் சுத்தமாக மடியும், குறுக்கே மடித்தால் முறியும். ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் இருக்கும், நீ முழுத் தாளை நடுவில் மடித்ததால் குறுக்கே போயிருக்கிறது. அதையே முதலில் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்துப் பார். மடிப்பு நாரோடு போகும், கார்டும் ஏ6 அளவுக்கு வந்து சி6 உறையில் கச்சிதமாக உட்காரும். தாள் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் போதும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேலை ஒட்டி அழுத்தி ஒரு கோடு இழுத்துக்கொள், மடித்த பிறகு மேலே வேறொரு தாளை வைத்து ஸ்பூனின் முதுகால் நீவிவிடு, நேரடியாகத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும்.

பசையைக் கொஞ்சமாகத் தடவு. தண்ணீர் கலந்த பசை அதிகமானால் தாள் நெளியும், ஒட்டியதும் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிடு. பெரிய துண்டுகளுக்கு இரட்டைப் பக்க டேப்தான் நல்லது. ஜிகினாத் தூள் வேண்டவே வேண்டாம், பிரிப்பவர் கையெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எல்லோரும் முன்பக்கத்தில் பூவும் ரிப்பனும் வைத்து, களைத்துப்போன பிறகு உள்ளே 'வாழ்த்துகள்' என்று ஒரே ஒரு வார்த்தையைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். நீ அதைத் தலைகீழாகச் செய். யாருக்கு என்று முடிவு பண்ணி, அவரிடம் என்ன சொல்லப் போகிறாய் என்பதை ஒரு மெல்லிய தாளில் முதலில் எழுது, அடித்துத் திருத்தினாலும் நஷ்டமில்லை, நன்றாக வந்ததை வெட்டி உள்ளே ஒட்டிவிடலாம், முன்பக்கத்து வேலையில் பின்னால் விழுந்த பசைக்கறையும் அதிலேயே மறைந்துவிடும். எழுதி முடித்ததும் முன்பக்கத்தில் என்ன வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சடித்து வெளியிட்டார், நண்பர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதுகிற வேலை மிச்சம் என்று. அதில்கூட யாருக்கு, யாரிடமிருந்து என்று பேனாவால் நிரப்புவதற்கு இடம் விட்டிருந்தார்கள். அச்சடித்த கார்டுக்கே அப்படி என்றால், நீ உட்கார்ந்து கையால் செய்கிற கார்டில் உன் வார்த்தை நாலு வரியாவது இருக்க வேண்டாமா?

அடுத்தது பெரியம்மாவுக்கு என்று சொன்னாய். எழுத்தைப் பெரிதாகவே எழுது, வெளிர் நிறத் தாளில் கறுப்பு மை. கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்தைப் படிக்க அவர் ரொம்பச் சிரமப்படுகிறார்.

அன்புடன்,
அப்பா