செயலாளர் ஆண்டறிக்கை: லோலாவின் கைவைத்தியம்

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பிலிப்பினோத் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது ஜூன் மாதக் கூட்டத்தில் தொடங்கியது.

தமிழ், பிலிப்பினோ கலப்புக் குடும்பங்களான நாம் சிங்கப்பூரில் பொங்கலையும் கிறிஸ்துமஸையும் குறையில்லாமல் கொண்டாடுகிறோம். "ஆனால் அம்மா வழி வழக்கம் எதுவுமே நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே" என்று அன்று ஓர் உறுப்பினர் கேட்டார். பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருவர் மெல்லச் சொன்னார்: அவருடைய லோலா, அதாவது பாட்டி, ஊரில் ஹிலோட் என்னும், உடம்பை நீவிக் குணப்படுத்தும் கைவைத்தியம் பார்ப்பவராம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

அந்தக் கூச்சம் அவருடையது மட்டுமல்ல. பிலிப்பீன்ஸின் விசயாத் தீவுகளில் பாபாய்லான் என்றும், தகலோக் மக்களிடம் கட்டலோனான் என்றும் பெயர் பெற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நோய் தீர்ப்பதும் முன்னோர் ஆவிகளோடு பேசுவதும் அவர்கள் பொறுப்பு. ஸ்பானியப் பாதிரிமார் அவர்களைச் சூனியக்காரிகள் என்று பழித்தார்கள். 1621-ல் போஹோல் தீவில் தாம்ப்லோட் என்ற பாபாய்லான் மக்களைத் திரட்டிக் கிளர்ந்தெழுந்தார், அதை அடக்கிவிட்டார்கள். அன்று தொடங்கிய ஏச்சு இன்றும் ஒரு பேத்தியின் வாயை அடைத்து வைத்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்டில் புளோக்கின் கீழ்த்தளத்தில் பாய் விரித்தோம். ஜூனில் தன் லோலாவைப் பற்றிச் சொன்ன அதே பெண்மணிதான், பிள்ளைகள் 'தீத்தா', அதாவது அத்தை, என்று அழைப்பவர், ஹிலோட் செய்து காட்டினார். தேக்கா சந்தையில் வாங்கிய வாழையிலையை அடுப்பில் லேசாக வாட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, தன் மகளின் முதுகில் வைத்து மெல்ல இழுத்தார். இலை வழுக்கிக்கொண்டு போனது. வலது தோள்பட்டைக்குக் கீழே நின்றுவிட்டது. "இங்கேதான் லமிக்" என்றார். லமிக் என்றால் குளிர். தசையில் திரண்டு நிற்கும் முடிச்சுக்கும் அதுதான் பெயர். கட்டைவிரலால் அந்த இடத்தை அவர் நீவியபோது மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் கைக்கு இப்படி ஒரு வித்தை தெரியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

செப்டம்பரில் மூலிகைகள். பிலிப்பீன்ஸ் சுகாதாரத் துறை 1992-ல் பரிந்துரைத்த 10 மூலிகைகளில் லகுண்டி ஒன்று. அங்கே மருந்துக் கடைகளில் இருமல் சிரப்பாகவே கிடைக்கிறது. இலையைக் கண்டதும் நம் பாட்டிகள், "அட, நம்ம நொச்சி!" என்றார்கள். கொய்யாவும் பாகலும் பூண்டும் அதே பட்டியலில் உண்டு. புற்றைக் கடக்கும்போது அங்கே குடியிருக்கும் ஆவியிடம் "தாபி-தாபி போ", அதாவது 'கொஞ்சம் வழிவிடுங்கள்', என்று கேட்க வேண்டும் என்று தாய்மார்கள் சொன்னபோது, புற்றுக்குப் பால் வார்த்து வளர்ந்த நமக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு தவற்றையும் பதிவு செய்கிறேன். நாம் அச்சடித்த முதல் துண்டறிக்கையில் 'மாந்திரீக வைத்தியம்' என்று போட்டுவிட்டோம். தாய்மார்கள் மனம் நொந்துபோனார்கள். மன்னிப்புக் கேட்டு, திருத்தி மறுபடி அச்சடித்தோம். இனி இது பற்றி எது எழுதினாலும் அவர்கள் பார்த்த பிறகே வெளியிடுவது என்று குழு தீர்மானித்திருக்கிறது. காய்ச்சலோ எலும்பு முறிவோ என்றால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அவர்களே விதியாகச் சேர்க்கச் சொன்னார்கள்.

வரும் ஆண்டில் பிலிப்பீன்ஸின் சிக்கிஹோர் தீவுக்குப் போய்வர எண்ணம். பெரிய சனிக்கிழமைக்கு அங்குள்ள வைத்தியர்கள் கூடி மருந்து காய்ச்சுவார்கள். அதனால் பயணம் புனித வாரத்தில் அமைய வேண்டும். வர விரும்புவோர் என்னிடம் பெயர் கொடுங்கள். தீத்தாவின் மகள் தன் பெயரையும் அம்மா பெயரையும் ஏற்கெனவே எழுதிவிட்டாள்.

இப்படிக்கு,
செயலாளர்